செஞ்சிக்கும் வாலிகண்டபுரத்துக்கும் நடுவே

செஞ்சி மலைப்பக்கம் பிறக்கும் சங்கராபரணி, வீடூரைத் தாண்டி மண்ணாடிப்பட்டு வழியாக இறங்கி, வில்லியனூரைத் தொட்டுக்கொண்டு போய் அரியாங்குப்பத்தருகே கடலில் சேர்கிறது. செஞ்சிக் கோட்டையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது எங்கள் கொம்யூன் குடியானவர்களுக்கு ஒரு காலத்திலும் தூரத்துச் செய்தியாக இருந்ததில்லை. கோட்டைக்காரர் மாறினால் விளைச்சலில் அரசுப் பங்கான மேல்வாரத்தை வாங்க வருகிறவர் மாறுவார். களத்துமேட்டில் புது முத்திரை விழும். சில வருஷங்களில் ஒரே போகத்துக்கு இரண்டு பேர் வந்து நிற்பார்கள்.

பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்திய காலமெல்லாம் எனக்கு ஒரு குறை இருந்தது. 1673-இல் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரிக்கு வந்தார்கள் என்று ஒரு வரி. அடுத்த பக்கம் புரட்டினால் கவர்னர் துய்ப்ளே. நடுவில் ஒன்றுமே நடக்காதது போல! நடுவில்தான், 1676-இலும் 1677-இலும், ஒரே அரசின் கொடியைப் பிடித்தவர்கள் தங்களுக்குள் மோதிக்கொண்டார்கள். பிறகு ஒரே தகப்பனின் பிள்ளைகள் மோதிக்கொண்டார்கள். வில்லியனூர், வழுதாவூர், பாகூர், திருவதிகை, புவனகிரி என்று நாம் டவுன் பஸ்ஸில் போய்வரும் ஊர்களைச் சுற்றியே அது நடந்தது. இதை நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்வதில்லை.

நமக்கு இது இவ்வளவு விவரமாகத் தெரிவதற்கு ஒருவர் காரணம்: பிரான்சுவா மர்த்தேன். சாந்தோம் டச்சுக்காரர்களிடம் வீழ்ந்த 1674-இல் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தவர். கேட்டது, பார்த்தது, கொடுத்த கடன், கேட்ட வதந்தி எல்லாவற்றையும் எழுதிவைத்தார். அந்தக் குறிப்புகள் 1930-களில் மூன்று தொகுதிகளாக அச்சேறின. பள்ளியில் படித்த பிரெஞ்சு எனக்கு வாழ்க்கையில் பயன்பட்ட இடம் அந்தப் புத்தகம்தான். அவர் வியாபாரி, தன் கம்பெனிக்கு எது லாபம் என்ற கண்ணோடுதான் பார்த்தார். ஆனாலும் எந்தப் பக்கத்தின் பலம் எது, எந்த இடத்தில் சுவர் அரித்திருக்கிறது என்பதைக் கண்டுபிடிக்க வியாபாரியின் கண்ணைவிடக் கூர்மையான கண் உண்டா?

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1640-களின் முடிவில் நாயக்கர்களின் செஞ்சி பீஜப்பூர் சுல்தானின் படையிடம் விழுந்தது. அதன்பின் இந்தப் பகுதி பீஜப்பூரின் ஆளுநர்கள் கையில் இருந்தது. செஞ்சியில் ஒருவர், வாலிகண்டபுரத்தில் ஒருவர், வேலூரில் ஒருவர். தலைநகரம் உறுதியாக இருந்தவரை இவர்கள் பக்கத்து வரப்புக்காரர்கள் மாதிரி முணுமுணுத்துக்கொண்டே காலம் தள்ளினார்கள். 1672 நவம்பரில் இரண்டாம் அலி ஆதில் ஷா இறந்தார். பட்டத்துக்கு வந்த சிக்கந்தருக்கு நான்கு வயது. பிள்ளை சுல்தான் என்றால் பாதுகாவலர் யார் என்பதில்தான் சண்டை. ஹபஷிகள் என்ற அபிசீனியரும் தக்கணிகளும் ஒரு கட்சி, அதன் தலைவர் கவாஸ் கான். ஆப்கானியர் மறு கட்சி, அதன் தலைவர் பஹ்லோல் கான். 1675 நவம்பரில் பஹ்லோல் கான் கவாஸ் கானைப் பிடித்துச் சிறையில் போட்டார். சில வாரங்களில் கவாஸ் கான் கொல்லப்பட்டார்.

பீஜப்பூரில் விழுந்த அந்தக் கத்தி இங்கே நம் ஆற்றங்கரை வரை வந்தது. செஞ்சியின் ஆளுநர் நாசிர் முகமது கான், கொல்லப்பட்ட கவாஸ் கானின் தம்பி. வாலிகண்டபுரத்தின் ஆளுநர் ஷேர்கான் லோடி ஆப்கானியர், பஹ்லோல் கானின் கட்சி. புதுச்சேரி ஷேர்கானுடையது. வழுதாவூர் செஞ்சியுடையது. புதுச்சேரியிலிருந்து வழுதாவூருக்கு ஒரு மாட்டுவண்டி அரைநாளில் போய்ச் சேரும். வில்லியனூர் அதற்கு இடைப்பட்ட பூமி.

இரு பக்கத்தையும் எடைபோட்டுப் பார்ப்போம்.

நாசிர் முகமதுவின் பலம் கல். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று குன்றுகள், அவற்றைச் சுற்றி வளைத்த மதில், உள்ளே குளம், களஞ்சியம். ராஜகிரியின் உச்சிக்கு நான் ஏறியிருக்கிறேன். மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பிப் பார்த்தால், எந்தத் திசையில் தூசி எழும்பினாலும் தெரியும். அப்படிப்பட்ட கோட்டைக்குள் இருக்கிறவரை அடித்து வெளியேற்றுவது லேசில்லை. ஆனால் கோட்டை சம்பாதிப்பதில்லை. அது சாப்பிடத்தான் செய்யும். அதற்கான நெல் கீழே சமவெளியில் விளைய வேண்டும். அந்தச் சமவெளியைக் காக்கக் குதிரைப்படை வேண்டும், குதிரைப்படைக்குச் சம்பளம் வேண்டும். அண்ணன் போனபிறகு பீஜப்பூரிலிருந்து அவருக்கு ஒரு காசு வராது, ஓர் ஆள் வராது. மாறாக, அவரைப் பிடித்துக் கொடுப்பவருக்குத்தான் பரிசு கிடைக்கும். அப்படி இருப்பவர் மதில்மேல் நின்று எதிரியைப் பார்ப்பதைவிட யாரிடம் கோட்டையை நல்ல விலைக்குக் கொடுக்கலாம் என்றுதான் யோசிப்பார். நாசிர் அதைத்தான் செய்தார். கோல்கொண்டாவின் பக்கம் கையை நீட்டினார்.

ஷேர்கானின் பலம் வேறு மாதிரி. அவரிடம் செஞ்சி மாதிரிக் கோட்டை கிடையாது. குதிரை இருந்தது, ஆப்கானியச் சவாரிகள் இருந்தார்கள். எல்லாவற்றையும்விட, அவரிடம் கடற்கரை இருந்தது. வியாபாரிகளை மதிக்கத் தெரிந்தவர். 1673-இல் பெல்லாஞ்ஜே தெ லெஸ்பினே என்ற பிரெஞ்சு இளைஞர் வாலிகண்டபுரத்துக்கு வந்து அவரைச் சந்தித்தபோது, தேவனாம்பட்டினத்து டச்சுக்காரர்கள் எதிர்த்தும் கேளாமல் புதுச்சேரியைக் கொடுத்தவர் இவர்தான். ஐரோப்பாவில் அப்போது பிரான்சும் டச்சும் யுத்தத்தில் இருந்தன. ஒரு கரையில் ஒரே பரங்கி இருந்தால் அவன் வைத்ததே விலை, இரண்டு பேர் இருந்தால் விலை நம் கையில் என்பது ஷேர்கானுக்குத் தெரிந்திருந்தது. என் மனசில் இந்தக் கதையின் ஆட்களில் அவரிடம்தான் மரியாதை அதிகம். ஆனால் அவர் பெட்டி எப்போதும் காலி. மர்த்தேனிடமே கடன் வாங்கினார். கடன் வாங்கிப் படை நடத்துகிறவர் சீக்கிரம் ஜெயித்தாக வேண்டும். நின்று ஆட முடியாது.

1676-இல் அவர் செஞ்சியின் நாட்டுக்குள் இறங்கினார். வழுதாவூரைப் பிடிக்க மர்த்தேனின் உதவியைக் கேட்டார். மர்த்தேன் தயங்காமல் இல்லை. கைவசம் இருந்ததோ விரல்விட்டு எண்ணக்கூடிய சிப்பாய்கள். ஆனால் கடன் கொடுத்தவருக்குக் கடன்காரன் தோற்றால் நஷ்டம். பிரெஞ்சுக்காரர்கள் போனார்கள், வழுதாவூர் விழுந்தது. ஐரோப்பியத் துப்பாக்கி இந்தப் பகுதியின் உள்நாட்டுச் சண்டையில் ஒரு பக்கத்துக்காகப் பேசி ஒரு கோட்டையைப் பிடித்தது இங்கேதான். எழுபது வருஷம் கழித்து துய்ப்ளே பெரிய அளவில் செய்ததற்கு ஒத்திகை வழுதாவூரில் நடந்தது என்றே நான் நினைக்கிறேன். செஞ்சியிலிருந்து கடற்கரைக்கு வரும் பாதை அடைபட்டது. நாசிர் தன் மலைகளுக்குள் ஒடுங்கினார். ஷேர்கானால் அந்த மலைகளுக்கு மேலே ஏற முடியவில்லை. ஒருவரிடம் கல், ஒருவரிடம் குதிரை. கல்லால் இறங்கி வர முடியாது, குதிரையால் ஏற முடியாது.

இந்த இழுபறியின் செலவு எங்கே விழுந்தது? ஒரு நாள் பாகூர் ஏரிக்கரையில் இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தபோது பக்கத்து நிலத்துக்காரர் கேட்டார்:

“வாத்தியாரே, அந்த ஆளுகிட்ட குதிரை எத்தினி இருந்துச்சு?”

“நாலாயிரம்னு எழுதியிருக்கு அண்ணே.”

“நாலாயிரமா! நம்ம ஏரிக்கரையில நாலு நாள் கட்டிவெச்சா வைக்கோல் மிஞ்சுமா?”

உட்கார்ந்து கணக்குப் போட்டோம். ஒரு குதிரைக்கு நாளைக்கு 3 கிலோ கொள்ளு என்று குறைத்தே வைத்தாலும், 4,000 குதிரைக்கு 12,000 கிலோ. நம் 75 கிலோ மூட்டையில் 160 மூட்டை, ஒரே நாளுக்கு. அதற்குமேல் புல், வைக்கோல், தண்ணீர். கூடவே காலாட்படை, குதிரைக்காரர்கள், பொதிமாடு ஓட்டுபவர்கள், அவர்களுக்கு அரிசி. இத்தனையும் வாலிகண்டபுரத்திலிருந்து வண்டியில் வந்திருக்காது. தங்கிய இடத்தில்தான் எடுத்திருப்பார்கள். எடுத்த இடத்தில் மறுபடி மேல்வாரமும் கேட்டிருப்பார்கள். மனுஷன் சாப்பிட்டதையாவது யாராவது பதிவில் எழுதிவைப்பார்கள். குதிரை தின்றதை யாரும் எழுதுவதில்லை.

பணத்தின் கனத்தைச் சொல்ல ஒரு வெளியூர்க் கணக்கையும் இங்கே வைக்கிறேன். இதற்கு ஒரு தலைமுறைக்கு முன் இங்கிலாந்தில் மன்னர் சார்லஸுக்கும் பாராளுமன்றத்துக்கும் 1642-இல் யுத்தம் மூண்டது. மன்னரிடம் ரூபர்ட் இளவரசரின் அருமையான குதிரைப்படை இருந்தது. பாராளுமன்றத்திடம் லண்டன் நகரமும், துறைமுகச் சுங்கமும், கடற்படையும் இருந்தன. ஆரம்பத்தில் குதிரை வென்றது. 1645-இல் ஒழுங்காகச் சம்பளம் பெறும் புதிய சேனையைப் பாராளுமன்றம் கட்டியது. அந்த வருஷமே நேஸ்பியில் மன்னரின் படை நொறுங்கியது. சம்பளம் தவறாத சிப்பாய் மறுநாள் காலையிலும் அணியில் நிற்பான். ஷேர்கானிடமும் நாசிரிடமும் இல்லாதது அதுதான்.

அது யாரிடம் இருந்ததோ அவர் 1677-இல் வந்தார்.

மராட்டிய அரசர் சிவாஜி ஹைதராபாத்தில் கோல்கொண்டா சுல்தான் அபுல் ஹசனைச் சந்தித்து உடன்படிக்கை செய்துகொண்டபோது, அங்கே பேச்சை நடத்தியவர்கள் மாதண்ணா, அக்கண்ணா என்ற மந்திரிச் சகோதரர்கள். நாளொன்றுக்கு 3,000 பொன் சிவாஜியின் படைச்செலவுக்கு என்று பேசி முடித்தார்கள். பீரங்கிகளும் கொஞ்சம் படையும் சேர்த்துக் கொடுத்தார்கள். பீஜப்பூரின் தென்பகுதியை வென்று பங்கு போட்டுக்கொள்வது ஏற்பாடு. மே மாதம் அவர் செஞ்சிக்கு முன்னால் வந்து நின்றார். நாசிர் முகமது ரொக்கத்துக்கும் ஜாகீருக்கும் பேரம் பேசிக் கோட்டையைத் திறந்துவிட்டார். இத்தனை வருஷம் ஷேர்கான் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த மலை, ஒரு முற்றுகைகூட இல்லாமல் கைமாறியது. கோல்கொண்டாவுக்கும் அதில் பங்கு கிடைக்கவில்லை. சிவாஜி செஞ்சியைத் தனக்கே வைத்துக்கொண்டார்.

அவர் படையின் உள்கட்டு எப்படி இருந்தது என்பதற்கு மர்த்தேனிடம் நேரடிச் சாட்சி ஒன்று உண்டு. அவர் அனுப்பிய ழெர்மேன் என்பவர் கொள்ளிடக்கரையில் சிவாஜியின் பாசறைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். பாசறையில் ஆடம்பரம் கிடையாது, பெண்கள் கிடையாது, சுமை கிடையாது. கூடாரம் இரண்டே இரண்டு, முரட்டுத் துணியில், சின்னதாக. ஒன்று சிவாஜிக்கு, ஒன்று அவருடைய மந்திரிக்கு. குதிரைவீரனுக்கு மாதம் இரண்டு பகோடா நாணயம் சம்பளம். குதிரைகள் எல்லாம் சிவாஜியுடையவை, பராமரிப்பவர்களும் அவருடைய ஆட்கள். இரண்டு வீரருக்கு மூன்று குதிரை என்ற கணக்கு. ஒற்றர்களுக்கு மட்டும் கை தாராளம்.

இதைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடிவிட்டு நெடுநேரம் யோசித்தேன். இந்த ஒரு பத்தியில் தென்னாட்டின் அன்றைய யுத்தம் முழுக்க இருக்கிறது. சொந்தக் குதிரையோடு வேலைக்கு வந்த சவாரிக்குக் குதிரை செத்தால் பிழைப்பே போச்சு. அவன் பாயவேண்டிய இடத்தில் கடிவாளத்தை இழுத்துப் பிடிப்பான். அரசின் குதிரையில் ஏறியவனுக்கு அந்தக் கவலை இல்லை. ஒன்று விழுந்தால் மாற்றுக் குதிரை பின்னால் வருகிறது. மராட்டியர் அரசின் குதிரை ஏறியவனை பார்கீர் என்றும் சொந்தக் குதிரைக்காரனை சிலேதார் என்றும் பிரித்தே வைத்திருந்தார்கள். சுமை இல்லாத படை நாளைக்கு எவ்வளவு தூரம் போகும் என்பது எதிரியின் கணக்குக்கு அகப்படாது. ஒற்றனுக்குக் கொடுத்த காசு ஆயிரம் குதிரைக்குச் சமம்.

ஷேர்கானுக்குச் சேதி சொன்னவர்கள் அவர் கேட்க விரும்பியதைச் சொன்னார்கள். வருகிற படை பெரிதில்லை என்று நம்பி, 4,000 குதிரையோடும் மூன்று நாலாயிரம் காலாட்களோடும் திருவதிகைப் பக்கம் காத்திருந்தார். 1677 ஜூன் 26, ஆனி மாதம். பெண்ணையாற்றில் அந்த நாளில் மணல்தான் தெரியும். குதிரைக்கு எந்தத் தடையும் இல்லை. எதிரே சிவாஜியின் 6,000 குதிரை வந்து நின்றது. நின்றது, அவ்வளவுதான், பாயவில்லை. எண்ணிக்கையைக் கண்ணால் பார்த்த ஷேர்கான் பின்வாங்கச் சொன்னார். திரும்பிய முதுகைப் பார்த்த மறுகணம் மராட்டியர் பாய்ந்தார்கள். அன்று இரவே திருவதிகையை விட்டு நழுவி, காட்டு வழியாகத் துரத்தப்பட்டு, புவனகிரிக்குள் நுழைந்தபோது அவரோடு கொஞ்சம் சவாரிகளே மிஞ்சியிருந்தார்கள்.

அவர் கோழை என்று எழுதியிருப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. கடனில் சேர்த்த படை ஒருமுறை உடைந்தால் மறுபடி சேராது என்று அவருக்குத் தெரியும். காப்பாற்ற நினைத்தார்; காப்பாற்ற நினைத்ததே உடைத்துவிட்டது. ஜூலை 5-ஆம் தேதி அவர் பணிந்தார். தன் நாட்டை விட்டுக்கொடுத்து, 20,000 பொன் தருவதாக ஒப்புக்கொண்டு, மகன் இப்ராஹிம் கானைப் பிணையாக விட்டுவிட்டு, அரியலூர்ப் பாளையக்காரரிடம் அடைக்கலம் போனார்.

புதுச்சேரியில் மர்த்தேனுக்கு அந்தக் கோடை எப்படிப் போயிருக்கும்! கடன் வாங்கியவர் ஓட்டாண்டி. வழுதாவூரில் யாருக்காகத் துப்பாக்கி தூக்கினாரோ அவர் தோற்றுவிட்டார். புது எஜமானருக்கு அது தெரியாமலும் இல்லை. மர்த்தேன் தூது அனுப்பினார். இனி எந்தப் பக்கமும் சேராமல் இருந்தால் நிம்மதியாக இருக்கலாம் என்று சிவாஜியிடமிருந்து பதில் வந்தது. மர்த்தேன் அந்த நிபந்தனையைப் பிடித்துக்கொண்டு பிழைத்தார்.

இரண்டாவது மோதல் வீட்டுச் சண்டை. தஞ்சாவூரைப் பிடித்து ஆண்டுகொண்டிருந்த ஏகோஜி, சிவாஜியின் மாற்றாந்தாய்க்குப் பிறந்த தம்பி. தகப்பனார் ஷாஹாஜியின் சொத்தில் பாதி வேண்டும் என்பது அண்ணனின் வழக்கு. ஜூலை நடுவில் கொள்ளிடத்தின் வடகரையில் திருமழபாடியில் இருவரும் சந்தித்தார்கள். பேச்சு முற்றியது. ஒரு ராத்திரியில் ஏகோஜி ஆற்றைத் தாண்டித் தஞ்சாவூருக்குப் போய்விட்டார். ஏகோஜியின் பலம் காவிரி: விளைந்துகொண்டே இருக்கும் நிலம். அவருடைய பலவீனம், தானாக ஒரு முடிவை எடுத்து அதில் நிற்கிற குணம் இல்லாதது. சிவாஜி நவம்பரில் வடக்கே திரும்பியதும் அவர் துணிந்தார். செஞ்சிப் பகுதியைப் பார்த்துக்கொண்டிருந்தவர் சாந்தாஜி. அவரும் ஷாஹாஜியின் மகன்தான், வேறொரு பெண்ணுக்குப் பிறந்தவர். நவம்பர் 16-ஆம் தேதி கொள்ளிடத்துக்கு வடக்கே 4,000 குதிரையோடும் 10,000 காலாட்களோடும் ஏகோஜி மோதினார். பகலெல்லாம் அடி. சாந்தாஜி பின்வாங்கினார். ஜெயித்துவிட்டோம் என்று ஏகோஜியின் ஆட்கள் சேணத்தை அவிழ்த்துப் படுத்தார்கள். அந்த இரவே சாந்தாஜி திரும்பி வந்து விழுந்தார். தஞ்சாவூர்ப் படை தூக்கத்திலேயே கலைந்தது. பிறகு சமாதானம். தஞ்சாவூர் தம்பிக்கு, கொள்ளிடத்துக்கு வடக்கே அண்ணனுக்கு.

சிவாஜியின் பக்கத்திலும் ஓட்டை இருந்தது என்பதைச் சொல்லாவிட்டால் கணக்கு நேர்மையாக இருக்காது. பேரம் பேச மறுத்த ஒரே கோட்டை வேலூர். அப்துல்லா கான் என்ற ஹபஷி அதைப் பதினாலு மாதம் தாங்கினார். 1678-இல்தான் அது விழுந்தது. நாசிர் முகமதுவிடம் இருந்த கல்லும் அப்துல்லா கானிடம் இருந்த கல்லும் ஒரே கல்தான். கோல்கொண்டாவை ஏமாற்றியதால் அந்த நாளொன்றுக்கு 3,000 பொன்னும் நின்றது. நின்ற பணத்தை எங்கே எடுப்பது? இந்தச் சமவெளியில்தான். புது எழுத்தர்கள் வந்தார்கள், நிலத்தை அளந்தார்கள், பாக்கியைக் கேட்டார்கள்.

செஞ்சியில் 1698 வரை மராட்டியர்கள் இருந்தார்கள். அவர்களின் ஆளுநர் ஹர்ஜி மகாதிக் காலத்தில்தான் மர்த்தேன் புதுச்சேரியில் மதில் எழுப்ப அனுமதி வாங்கினார். 1693-இல் டச்சுக்காரர்கள் வந்து அந்த ஊரைப் பிடித்து, 1699-இல் திருப்பிக் கொடுத்தார்கள். மர்த்தேன் 1706-இன் கடைசி நாளில் புதுச்சேரியிலேயே இறந்தார். அப்போதும் வில்லியனூர், பாகூர் நெல்லுக்கு மேல்வாரம் வாங்கியவர்கள் பிரெஞ்சுக்காரர்கள் அல்ல. ஆற்காட்டு நவாபின் ஆட்கள். 1749-ஐ ஒட்டி நவாப் பட்டத்துக்குப் போட்டியிட்ட சந்தா சாகிப் இந்த ஊர்களைப் பிரெஞ்சுக்காரர்களுக்கு எழுதிக் கொடுத்தபோது, களத்துமேட்டில் மறுபடியும் ஒரு புது முத்திரை விழுந்தது. மூன்று வருஷத்துக்குள், 1752-இல், பாகூர் வயல்வெளியிலேயே ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் அணிவகுத்து நின்றார்கள்.